பறக்கும் ரயில் கைமாறும்போது

சென்னை நகரத்தின் பறக்கும் ரயிலை மெட்ரோ நிர்வாகத்துடன் இணைப்பதற்கு 2025-ம் ஆண்டில் ரயில்வே போர்டு கொள்கையளவில் சம்மதம் கொடுத்தது. பல வருஷங்களாக மத்திய சர்க்காருக்கும் ராஜ்ய சர்க்காருக்கும் இடையே கடிதமாகவும் கமிட்டியாகவும் நடமாடிக் கொண்டிருந்த விஷயம் இது. குளிர்சாதன வண்டிகள் வரும், தானாக மூடும் கதவுகள் வரும், இருண்டு கிடக்கும் நிலையங்கள் பளபளக்கும் என்றெல்லாம் செய்திகள் வந்தன. வரட்டும், உழைப்பாளி மக்களுக்கு நல்ல வண்டி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆரவாரத்தில் மிகச் சாதாரணமான ஒரு கேள்வி அடிபட்டுப் போயிற்று. டிக்கெட் என்ன விலை?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை சுமார் 19 கிலோமீட்டர். புறநகர் ரயில் கட்டணப்படி பத்து ரூபாய்க்குள் போய்விடலாம். இதே தூரத்துக்கு, 2021 பிப்ரவரியில் குறைக்கப்பட்ட பிறகும் மெட்ரோவின் கட்டணம் 40 ரூபாய். பயண அட்டை வைத்திருப்பவருக்கு 20 சதவீதத் தள்ளுபடி உண்டு என்பார்கள். கழித்துக் கொள்வோம், 32 ரூபாய். மாதம் 25 நாள் வேலைக்குப் போய் வரும் ஒருவருக்கு 1,600 ரூபாய். சீஸன் டிக்கெட்டே எடுக்காமல் தினமும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினாலும் புறநகர் ரயிலில் இதற்கு ஆகும் செலவு 500 ரூபாய்தான். சீஸன் எடுத்தால் அதிலும் மிகக் குறைவு. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், பாரிமுனையில் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும், திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிக் கடையில் கணக்கெழுதும் இளைஞனுக்கும் இந்த 1,100 ரூபாய் வித்தியாசம் சில்லறைக் காசல்ல. பல வீடுகளில் அது ஒரு மாதத்துக் கேஸ் சிலிண்டரும் பால் பாக்கியும்.

இணைப்பை நாம் எதிர்க்கவில்லை. ஒரே நகரத்தில் பஸ் ஒரு நிர்வாகத்தின் கையிலும், புறநகர் ரயில் இன்னொரு நிர்வாகத்தின் கையிலும், மெட்ரோ மூன்றாவது கையிலும் இருந்துகொண்டு ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் ஓடுவது மக்களுக்குச் செய்யும் அநியாயம். இதைச் சரிசெய்ய ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்கும் சட்டம் 2010-லேயே நிறைவேறியது. அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் கூடியது 2022 நவம்பரில். பன்னிரண்டு வருஷம்! சட்டம் இயற்றியவர்களே அதை மறந்துவிட்டார்கள் போலும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கும் வசதி 2025 செப்டம்பரில் கைப்பேசிச் செயலியாக வந்தது. நல்லதுதான். ஆனால் டிக்கெட் ஒன்றானால் போதாது, அதன் விலையும் ஏழையின் பைக்கு எட்ட வேண்டும்.

பறக்கும் ரயிலின் வரலாறே ஒரு பாடம். 1980-களில் தொடங்கிய வேலை, 1995-ல் சேப்பாக்கம் வரையும், 1997-ல் திருமயிலை வரையும், 2007 நவம்பரில் வேளச்சேரி வரையும் வந்து சேர்ந்தது. இருபது கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு பாதைக்கு இருபது வருஷத்துக்கு மேல். நிலத்துக்குப் பணம் கொடுப்பதைத் தவிர்ப்பதற்காகப் பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேயே தூண்களை நட்டார்கள். ஒரு காலத்தில் தோணி ஓடிய கால்வாய் சாக்கடையாகச் சுருங்கியது. மழைக்காலத்தில் கரையோரத்து மக்கள் அதன் பலனை அனுபவிக்கிறார்கள். நிலையங்களைக் கோட்டை போல் கட்டினார்கள். மாடிக்கு மாடி கடைகளும் ஆபீசுகளும் வரும், வாடகை கொட்டும் என்று கணக்குப் போட்டார்கள். வந்தவை வௌவால்கள். எஸ்கலேட்டர் நின்றால் நின்றதுதான். சாயங்காலத்துக்குப் பிறகு அந்தப் பிரம்மாண்டமான வெற்றுக் கூடங்களைத் தனியாகக் கடந்து பிளாட்பாரத்துக்கு ஏற எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்? 2016 ஜூன் மாதம் நுங்கம்பாக்கம் நிலையத்தில், காலை வேளையில், வேலைக்குப் புறப்பட்ட ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். ஜனநடமாட்டமுள்ள அந்த நிலையத்தில் ஒரு கண்காணிப்புக் காமிராகூட அப்போது இருக்கவில்லை என்பது நாடறிந்த விஷயம். அங்கேயே அந்த நிலை என்றால், ஆளரவமற்ற பறக்கும் ரயில் நிலையங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை ஐந்து கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டரை இணைத்துவிட்டால் தாம்பரம் பாதையும் பறக்கும் ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் கைகோக்கும். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. நகரத்தின் படத்தைப் பார்க்கும் பள்ளிக்கூடப் பையனுக்கும் புரியும். தூண்களில் பெரும்பகுதி எழுந்து நின்றது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்கு நஷ்ட ஈடு எவ்வளவு என்ற தகராறு கோர்ட்டு ஏறியது. வேலை வருஷக்கணக்கில் நின்றது. வீட்டைப் பறிகொடுப்பவர்கள் நியாயமான விலை கேட்டதில் என்ன குற்றம்? அந்தத் தொகையைப் பேசித் தீர்க்காமல் இழுத்தடித்ததில், கட்டுமானச் செலவு ஏறிய ஏற்றத்தை யார் தலையில் கட்டுவது? 2009-ல் வேலை தொடங்கிய மெட்ரோ 2016-ல் பரங்கிமலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு முன்பே வேளச்சேரியில் வந்து நின்ற பறக்கும் ரயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த பரங்கிமலை எட்டாக்கனியாகவே இருந்தது.

அடுத்து வந்தது கடற்கரை - எழும்பூர் நான்காவது பாதை. தேவையான பாதை, அதில் சந்தேகமில்லை. 4.3 கிலோமீட்டர் நீளம், சுமார் 280 கோடி ரூபாய் செலவு. இதற்காக 2023 ஆகஸ்டு 27 முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதத்தில் முடியும் என்றார்கள். மறுபடி வண்டி ஓடியது 2024 அக்டோபர் 29-ல். பதினான்கு மாதம்! அதுவரை வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தே புறப்பட்டன. வண்டிகளின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. பூங்கா நகர் நிலையத்தில் இறங்கினால் எதிரே அரசு பொது ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளும், டயாலிசிஸ் செய்துகொள்ள வருகிறவர்களும், ஊன்றுகோலுடன் வருகிற கிழவர்களும் அந்தப் பதினான்கு மாதமும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ஆட்டோவுக்குக் காசு தேடினார்கள். நிர்வாகம் சொன்ன தேதிக்கும் செய்த தேதிக்கும் இடையில் கரைந்துபோன அவர்களுடைய பணத்துக்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கு இல்லை.

தாம்பரம் பாதையின் கதை வேறு. அங்கே குறை வெறிச்சோடல் அல்ல, நெரிசல். 1931-ல் தென்னிந்திய ரயில்வே என்ற வெள்ளைக்காரக் கம்பெனி கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலை ஓட்டியது. நகரம் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தது. இன்று செங்கல்பட்டு வரையும் அதற்கு அப்பாலும் தொழிற்பேட்டைகளும் வீடுகளும் பரவிவிட்டன. காலை எட்டு மணிக்குக் குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ வண்டி ஏறிப் பார்த்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2018 ஜூலை 24-ந் தேதி நடந்தது என்ன? மின்கம்பி அறுந்தது, மின்சார வண்டிகள் எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பி விடப்பட்டன. கூட்டம் தாங்காமல் படிக்கட்டில் தொங்கியபடி வந்தவர்கள், பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த கான்கிரீட் சுவரில் மோதி விழுந்து செத்தார்கள். ஒருவரல்ல, இருவரல்ல. படிக்கட்டில் தொங்குவது குற்றம் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். உள்ளே இடமிருந்தால் எந்தத் தாய் பெற்ற பிள்ளை வெளியே தொங்கும்?

இதற்கு மருந்தாக வந்தது என்ன? 2025 ஏப்ரல் 19 முதல் ஏ.சி. மின்சார ரயில். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதா வண்டியிலோ 5 ரூபாய். கொடுக்க முடிந்தவர்கள் போகட்டும், அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் பாதையும் நேரமும் அளவுக்குட்பட்டவை. நெரிசல் வேளையில் ஒரு ஏ.சி. வண்டி பிடித்துக்கொள்ளும் இடம், இன்னொரு சாதா வண்டி ஓடியிருக்கக்கூடிய இடம். பெட்டி பற்றாக்குறை என்ற சமாதானமும் இங்கே செல்லாது. 1955 முதல் நாடு முழுவதற்கும் ரயில் பெட்டி செய்து அனுப்பும் பெரம்பூர்த் தொழிற்சாலை இதே நகரத்தில் இருக்கிறது. அதில் பெட்டி செய்யும் தொழிலாளியே படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

வடசென்னையைப் பற்றிக் கேட்பாரில்லை. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மக்களுடைய வண்டி, எக்ஸ்பிரசுக்கு வழிவிட்டு, நிலக்கரி வண்டிக்கு வழிவிட்டு, கடைசியில் நகரும். ஒரு மணி நேரம் தாமதமானால் தினக்கூலிக்காரருக்கு அன்றைய வேலை போயிற்று. பொறுக்கமாட்டாமல் தண்டவாளத்தில் உட்கார்ந்தால் வழக்கு. கூடுதல் பாதைகளை அமைத்து, மின்சார வண்டியையும் சரக்கு வண்டியையும் பிரித்து ஓட்டுவதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

மெட்ரோவுக்கு வருவோம். முதல் கட்டம் 45 கிலோமீட்டர், 2015-லிருந்து 2019 வரை பகுதி பகுதியாகத் திறந்தது. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். பூமிக்கடியில் குடைவதையும் தரைமேல் தண்டவாளம் போடுவதையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாதுதான். இருந்தாலும், கிலோமீட்டருக்கு 65 கோடியில் முடிந்த நான்காவது பாதையை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2020 நவம்பரில் மத்திய உள்துறை மந்திரி இதற்கு அடிக்கல் நாட்டினார். மத்திய மந்திரி சபை ஒப்புதல் கொடுத்ததோ 2024 அக்டோபரில். இடையிலே நான்கு வருஷம் ராஜ்ய சர்க்கார் தன் கஜானாவிலிருந்தும் கடனிலிருந்தும் வேலையை ஓட்டியது. ஜப்பானியக் கடன், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் என்று மலைபோல் குவிந்திருக்கும் இந்தத் தொகையை வட்டியோடு கட்டப் போவது யார்? டிக்கெட் வருமானத்திலிருந்தே கட்ட வேண்டும் என்று ஒரு நாள் முடிவெடுத்தால், பறக்கும் ரயில் பயணியும் அந்தக் கடனில் பங்காளியாகிவிடுவான். இணைப்பில் நாம் அஞ்சுவது இதைத்தான்.

இந்த நகரத்தில் ரயில் யாருக்கு மிகவும் அவசியமோ அவர்களை ரயிலுக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோய் விட்ட கொடுமையையும் சொல்லத்தான் வேண்டும். கூவம் கரையிலும் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலும் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பறக்கும் ரயிலுக்கு இடம் வேண்டும் என்றே அகற்றப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. வீடு மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று உத்தரவு வந்த பிறகு அந்தப் பெண்கள் ஓரளவு மூச்சுவிட்டார்கள். தொரைப்பாக்கம் வழியாக மெட்ரோத் தூண்கள் எழும்பும்போது அவற்றின் நிழலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அவர்கள்தான். மேலே ஓடப்போகும் வண்டியில் அவர்களுக்கு இடம் உண்டா என்பதை கட்டணப் பலகைதான் சொல்லும்.

கிளாம்பாக்கத்தில் நடந்ததும் மறக்கக்கூடியதல்ல. 2023 டிசம்பர் 30-ல் பெரிய பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது; ஆனால் திறந்த அன்று வண்டி நிற்க ஒரு நிலையம் இல்லை. பஸ் ராஜ்ய சர்க்காருடையது, ரயில் மத்திய சர்க்காருடையது என்பதால், மூட்டை முடிச்சோடும் குழந்தை குட்டியோடும் வந்திறங்கிய வெளியூர்க்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

ரயிலை ஓட்டுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-ல் மெட்ரோவில் சங்கம் அமைத்த எட்டு ஊழியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டதும், ஏப்ரல் கடைசியில் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் நினைவிருக்கும். நிரந்தர வேலைகளைக் காண்டிராக்டுக்கு விடுவதுதான் அங்கே வழக்கமாகி வருகிறது. கட்டுமானத்திலோ பீகார், ஒரிஸ்ஸா, வங்காளத்துத் தொழிலாளிகள் தகரக் கொட்டகையில் கிடந்து உழைக்கிறார்கள். 2025 ஜூன் 12-ல் ராமாவரம் பக்கம் மெட்ரோப் பாலத்தின் தூலங்கள் சரிந்து, மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் உயிரிழந்தார். காண்டிராக்டருக்கு அபராதம் போட்டார்கள். அபராதத்தோடு காரியம் முடிந்துவிடுவதில்லை.

ஆகவே இணைப்பு ஒப்பந்தத்தின் ஷரத்துக்கள் முழுவதையும் இரண்டு சர்க்கார்களும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு நிலையத்திலும் ஒட்ட வேண்டும். புறநகர் ரயிலின் கட்டணமும் சீஸன் டிக்கெட்டும் பறக்கும் ரயிலில் தொடரும் என்பது அந்த ஷரத்துக்களில் எழுத்தில் இருக்க வேண்டும். பறக்கும் ரயிலில் வேலை செய்யும் ஸ்டேஷன் மாஸ்டர் முதல் துப்புரவுத் தொழிலாளி வரை ஒவ்வொருவருடைய வேலைக்கும் சம்பளத்துக்கும் உத்தரவாதம் இருக்க வேண்டும். திருமயிலைக்கு அப்பால் இரண்டாவது கட்டத்துக்குச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தது இந்த ராஜ்யத்து மக்களின் வரிப்பணம்; கடற்கரையிலும் வேளச்சேரியிலும் டிக்கெட் ஜன்னலில் நிற்பவர்களுக்கு அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க முழு உரிமை உண்டு.