கடன் முற்றிய பிறகு

1997இல் திருவான்மியூரில் தொடங்கிய சுபிக்ஷா சில்லறை விற்பனை நிறுவனம், ஏறத்தாழ 1,600 கடைகளாகப் பெருகி, 2009இல் ரொக்கமின்றி முடங்கியது. ஊழியருக்குச் சம்பள பாக்கி, சரக்கு தந்தவருக்கு நிலுவை. அன்றைய கம்பெனிச் சட்டப்படி நிறுவனத்தின் கடனுக்கு இயக்குநரின் கையிலிருந்து பணம் வாங்க, பொதுவாக மோசடி நோக்கத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016 திவால் சட்டத்தின் 66ஆம் பிரிவு இன்னும் கறாரானது. நிறுவனம் தப்பாது என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தும், கடன் தந்தவர்களின் இழப்பைக் குறைக்க முயலாத இயக்குநரைச் சொந்தப் பணத்தைக் கட்டச் சொல்லலாம். கோட்டூர்புரம் அடுக்கக முகவரியில், தம்பியைப் பெயருக்கு இயக்குநராக்கி நடத்தும் சிறு நிறுவனத்துக்கும் இதே சட்டம்தான். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன் என்ற சமாதானம் எளிதில் எடுபடாது. நீங்கள் இயக்குநரானால், சம்பளம் தள்ளிப்போகும் மாதமே கணக்கைக் கேளுங்கள். புதுச் சரக்கைக் கடனில் எடுப்பதை நிறுத்துங்கள். 66ஆம் பிரிவு மனுக்களை விசாரிக்கும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமும் அவற்றை ஆண்டுக்கணக்கில் இழுக்கக் கூடாது. அதற்குள் சொத்து கைமாறிவிடும்.