எழுதிக் கொடுங்க ஐயா

போன வாரம் பாபநாசம் படித்துறையில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறான். "சார், மேல இருந்து போன்ல சொல்லுதாங்க. எழுதித் தாங்கன்னு கேட்டா கோவப்படுதாங்க. என்ன செய்ய?" என்றான். அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் என்ற தமிழரைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். 1961இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து உத்தரப் பிரதேசத்தில் பணியாற்றியவர். 1996 ஆகஸ்டு முதல் 1998 மார்ச் வரை மத்திய அரசின் அமைச்சரவைச் செயலாளர். அந்த 20 மாதத்தில் தேவகவுடா, குஜ்ரால், வாஜ்பாய் என்று மூன்று பிரதமர்களைப் பார்த்துவிட்டார். ஆட்சி மாறும், கோப்பு மாறாது. அமைச்சரவை எடுத்த முடிவைப் பதிவு செய்வது, துறைச் செயலாளர்களை ஒன்றாக உட்கார வைத்து அதை நடத்திக் காட்டுவது, இதுதான் அந்தப் பதவியின் வேலை. முடிவு அமைச்சர்களுடையது. அது காகிதத்தில் ஏறினால்தான் அரசின் முடிவு.

ஓய்வு பெற்றபின், எண்பதுக்கும் மேற்பட்ட முன்னாள் அதிகாரிகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார். 2013 அக்டோபர் 31இல் தீர்ப்பு வந்தது. வாய்மொழி உத்தரவின் பேரில் மட்டும் அதிகாரிகள் செயல்படக் கூடாது, அப்படி வந்தால் எழுத்தில் பதிய வேண்டும் என்றது நீதிமன்றம். எழுத்தே இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மக்கள் எதைக் கேட்டு வாங்குவார்கள் என்பதும் அதில் ஒரு காரணம்.

என் கதையையும் சொல்கிறேன். நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது, மேலதிகாரி ஒருவர் போனில் சொன்னதை நம்பி ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். தணிக்கையில் கேள்வி வந்ததும், "நான் எப்ப சொன்னேன்?" என்றார். 17(அ) குற்றச்சாட்டு எனக்கு வந்தது. அவரைவிட என்மேல்தான் எனக்கு இன்றும் கோபம். ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாமே!

மக்கள் தேர்ந்தெடுத்தவர் சொன்னால் அதிகாரி கேட்க வேண்டாமா என்று சிலர் கேட்பீர்கள். கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் எழுதிக் கேட்பது மறுப்பது ஆகாது. 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததே, அந்த நேரத்தில் யாரும் கடிதத்துக்குக் காத்திருக்க முடியாது. வேலையை முதலில் செய்யலாம். வெள்ளம் வடிந்ததும் எழுதிக்கொள்ளலாம். நேர்மையாகச் சொன்ன வார்த்தையை எழுதித் தர யாருக்கும் பயம் இருக்காது.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அவர் எழுதித் தராவிட்டால் நீயே எழுது: "தாங்கள் இன்று தொலைபேசியில் கூறியபடி..." என்று ஆரம்பித்து, தேதி போட்டு, கோப்பில் வைத்து அவருக்கே அனுப்பு. மரியாதையும் குறையாது, உன் தூக்கமும் கெடாது. நான் செய்யாமல் விட்டதை நீ செய்.