காதும் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பழைய அம்பாசடர் காருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? கட்டை வண்டிக்குக் கண்ணாடிச் சன்னலா? சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பட்டறைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்படிக் கேட்டார்கள். மீதிப் பேர் கேட்காமலே சிரித்துவிட்டுப் போனார்கள். அன்று யாருக்கும் நான் சரியாக விடை சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

என் தந்தையார் தூத்துக்குடியில் கார் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் பக்கம் சற்றே காதைச் சாய்த்து, கார்புரேட்டரின் திருகைத் திருப்புளியால் கால் சுற்றுத் திருப்புவார். எஞ்சினின் மூச்சு சீராகிவிடும். எப்படி என்று கேட்டால், "அதுதான் சொல்லுதுலா, ஒனக்குக் கேக்கலியால?" என்பார். எனக்கு இருபது வயதாகியும் கேட்கவில்லை.

அந்தக் காதுக்கு இன்று வேலை குறைந்து வருகிறது. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் இரு சக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. வண்டி நின்றுவிட்டால் திருப்புளியோடு வருபவரை யாரும் தேடுவதில்லை. கம்பெனி சர்வீஸுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இந்நிலையில், அம்பாசடரை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் ஒருவர், அண்ணாச்சி என்று நாங்கள் அழைப்பவர், கையில் ஒரு பெட்டியோடு வந்து நின்றார். அதைத் தம் காரில் பொருத்த வேண்டும் என்றார். அப்பாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அண்ணாச்சியின் குறையும் நியாயமானதுதான். மே மாத வெயிலில் திருநெல்வேலி சாலையில் வாகைக்குளம் தாண்டுவதற்குள் பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2025-இல் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. ஒரு கிராம் சாதாரணப் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கலப்புப் பெட்ரோலுக்கு 13.5 கிராம் போதும். அதாவது, அதே காற்றுக்கு எட்டு ஒன்பது விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். கார்புரேட்டரில் இருப்பது ஒரு பித்தளைத் துளை. அதற்கு எத்தனாலும் தெரியாது, வெயிலும் தெரியாது. அப்பா துளையைப் பெரிதாக்கலாம். அடுத்த வாரம் வேறு பெட்ரோல் வந்தால் என்ன செய்வார்?

பெட்டி செய்வது மந்திரமல்ல. நாம் முதலாண்டில் மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் பி.வி. = என்.ஆர்.டி. என்ற சமன்பாடுதான் அது. அம்பாசடரின் எஞ்சின் 1489 சி.சி.; நான்கு சிலிண்டர்கள்; ஒன்றுக்கு 372 சி.சி. உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சாரும் வெப்பத்தை இன்னொரு சென்சாரும் சொல்கின்றன. 27 டிகிரி வெப்பத்தில் சிலிண்டர் முழுதாக நிரம்பினால் உள்ளே இருப்பது 0.44 கிராம் காற்று. அதற்கு 30 மில்லிகிராம் பெட்ரோல். பேனட்டுக்குள் காற்று 57 டிகிரிக்குச் சூடானால் காற்று பத்தில் ஒரு பங்கு குறைகிறது; பெட்ரோலையும் அதே அளவு குறைக்க வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒரு சிலிண்டரின் முறை 40 மில்லி வினாடிக்கு ஒரு தடவை வரும். அதற்குள் இந்தக் கணக்கு முடிந்தாக வேண்டும். முடிகிறது. பரீட்சை மண்டபத்தில் எனக்கு ஆன நேரத்தை நினைத்து வெட்கப்பட்டேன்.

கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிவிக்க, அதன் புல்லியில் 36 பல் சக்கரம் ஒன்றைப் பூட்டி, ஒரு பல்லை எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளிதான் அடையாளம். வள்ளங்களுக்குத் தண்டு கடையும் பட்டறையில்தான் அதைச் செய்து வாங்கினோம். இந்த எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே காற்று வழி. ஆகவே சிலிண்டருக்கு ஒன்றாக இன்ஜெக்டர் வைப்பது வீண் தொல்லை. கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே இன்ஜெக்டரை வைப்பது என்று முடிவு செய்தவர் அப்பா. புத்தகம் பார்த்தல்ல, அந்தச் சிலிண்டர் ஹெட்டைப் பலமுறை கழற்றியவர் என்பதால்.

வண்டி ஓடியது, ஆனால் இருமிக்கொண்டு. எண்களை மாற்றப் பார்த்தால் பெட்டி ரகசியச் சொல் கேட்டது. வெளியூரில் விற்றவரிடம் கேட்டோம். சொல்லைத் தர மாட்டேன், வண்டியைக் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன், கட்டணம் தனி என்றார். ஒரு எண்ணை மாற்ற 300 கிலோமீட்டர்! அப்பா கோபப்படவில்லை. "பூட்டுப் போட்ட பெட்டி நம்ம பட்டறைக்கு வேண்டாம்ல. சாவி அவன்கிட்ட இருந்தா வண்டியும் அவன் வண்டிதான்" என்று மட்டும் சொன்னார்.

என் கருத்து முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது முதலில் ஓடியவை வாடகைக் கப்பல்கள். ஆங்கிலேயரின் நெருக்குதலால் கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கினர்; அதன்பின்தான் அவர் பம்பாய் வரை அலைந்து சொந்தக் கப்பல்களுக்கு வழி செய்தார். கோவை ஜி.டி. நாயுடு (1893–1974) ஆசைப்பட்டு வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித்தான் எந்திரத்தைக் கற்றார். அந்த வண்டி ரகசியச் சொல் கேட்டிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்?

திறந்த பெட்டிகளும் உலகில் உள்ளன. அமெரிக்கர்களான புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் 2001 வாக்கில் வடிவமைத்த 'மெகாஸ்குவர்ட்' வாங்குபவரே பற்றவைத்துக்கொள்ளும் தொகுப்பாக வந்தது. பின்னர் வந்த 'ஸ்பீடுயினோ'வின் சுற்றுப்படமும் நிரலும் எவரும் பார்க்கத் திறந்தே உள்ளன. 'ஆர்டுயினோ மெகா' என்ற சாதாரணப் பலகையில் அது இயங்குகிறது. இதைத்தான் நாங்கள் வாங்கினோம். உறுப்புகளை வீட்டுத் திண்ணையில் பற்றவைத்தேன். அண்ணாச்சிக்குப் பழைய பெட்டியின் பணம் நட்டம்தான், அதை மறைப்பதற்கில்லை.

பெட்டிக்குள் பதினாறுக்குப் பதினாறு என ஓர் அட்டவணை. எஞ்சின் எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில் எத்தனை விழுக்காடு காற்றை உண்மையில் இழுக்கிறது என்பதற்கு 256 எண்கள். இவற்றை எந்தப் பாடநூலும் தராது. ஓட்டி ஓட்டித்தான் நிரப்ப வேண்டும். கலவை சரியா என்று சைலன்சரில் இருக்கும் சென்சார் சொல்லிவிடும். தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதற்கும் அப்படி ஓர் அட்டவணை உண்டு. அதற்குச் சாட்சி சொல்ல எங்களிடம் கருவி இல்லை. பொறி சற்று முந்தினால் எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று மெல்லத் தட்டும். கடற்கரைச் சாலையில் அப்பா ஓட்ட, நான் மடிக்கணினியோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டினேன். "போதும், தட்டுது" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு டிகிரி குறைத்தேன். "இப்ப சரி" என்றார்.

நம் கடற்கரையில் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பைப் பற்றிப் படிக்கும்போது ஒன்று தெரிந்தது. முத்துகளை முதலில் துளை எண்ணிக்கையில் வேறுபட்ட பத்துச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்களாம். ஆனால் வணிகர் விலை சொல்வது அதற்கப்புறம், நிறமும் ஒளியும் பார்த்து. சல்லடையைக் கண்டு கண்ணை விற்றுவிட்டவர் அவர்களில் யாரும் இல்லை.

நன்றாக ஓடும் கார்புரேட்டரைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. செலவு அதிகம். உப்புக் காற்று இங்கே செம்புக் கம்பியையே தின்கிறது. எங்கள் எர்த் இணைப்பு மூன்றே மாதத்தில் பச்சை பூத்து வண்டி நின்றது. எஞ்சின் அணைந்தால் மின்பம்பும் அணைய வேண்டும். இல்லையேல் விபத்தில் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் படித்துவிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் ஆய்வகத்தில் வாயு விதியைக் கண்ணாடிக் குழாயிலும் பாதரசத்திலும் பார்க்கிறோம். பழைய மாருதி எஞ்சின் ஒன்றும் திறந்த பெட்டி ஒன்றும் அங்கே இருந்தால் என்ன? வாரத்தில் ஒரு மாலை நகரத்து மெக்கானிக்குகளுக்குக் கதவைத் திறந்துவிட்டால் என்ன? நாம் அவர்களுக்கு அட்டவணையைக் காட்டுவோம். அவர்கள் நமக்குத் தட்டும் ஓசையைக் காட்டட்டும். பேராசிரியர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். அப்பாவைப் போன்ற எத்தனையோ பேரின் பிழைப்பு இதில் இருக்கிறது.

எங்கள் அட்டவணையில் சில கட்டங்கள் இன்னும் ஊகமாகவே உள்ளன. குளிரில் எஞ்சினைக் கிளப்பத் தேவையான எண்களை இந்த ஊரில் சோதிக்க வழியில்லை. தூத்துக்குடிக்கு ஏது குளிர்? வரும் மே மாதம் அண்ணாச்சி குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறார். 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். காற்றழுத்தம் இங்குள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான் இருக்கும். முன்னிருக்கையில் அப்பா, பின்னால் பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் மடிக்கணினியோடு நான். என் ஊகங்கள் அப்பாவின் காதுக்கு ஒத்துவருமா என்பது வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது தெரிந்துவிடும்.