பல்லுக்கு கேப்: பில்லில் எழுதப்படாத விஷயம்

கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் முடிந்ததும் கேப் போடச் சொல்வார்கள். கூடவே விலைப்பட்டியலும் வரும். வெறும் மெட்டல் ஒரு விலை, மெட்டல் மேல் பீங்கான் கொஞ்சம் கூட, சிர்கோனியா இன்னும் கூட. பக்கத்திலேயே 5 வருட வாரண்டி, 10 வருட வாரண்டி! நோயாளி என்ன செய்வார்? கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற வரியைக் காட்டிவிட்டு வாயைத் திறப்பார்.

செல்போன் வாங்குவது போல கேப் வாங்கலாமா? கூடாது. விலையைப் பார்த்து கேப் உடைவதில்லை. என்ன பொருள், எந்தப் பல், எவ்வளவு தடிமன் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். வளைக்கும்போது ஒரு பொருள் உடையாமல் எவ்வளவு தாங்கும் என்பதை மெகாபாஸ்கலில் சொல்வார்கள். சாதாரணப் பல் பீங்கான் சுமார் 100 வரை, லித்தியம் டைசிலிகேட் 400 அளவில், வழக்கமான சிர்கோனியா 1000-க்குப் பக்கத்தில்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பீங்கான் உலோகம் போல வளைந்து கொடுக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். ஒவ்வொரு கடியிலும், எச்சில் ஈரத்திலும் அது மெல்ல மெல்ல நீண்டு, ஒரு நாள் சாதாரண முறுக்கைக் கடிக்கும்போது படக்கென்று உடையும். சிர்கோனியாவில் மட்டும் ஒரு வித்தை உண்டு. கீறலின் முனையில் இருக்கும் படிகங்கள் வடிவம் மாறி, சுமார் 4 சதவீதம் உப்பி, கீறலை இறுக்கிப் பிடிக்கும். 1975-ல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதிய கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ மூவரும் கட்டுரைக்கு வைத்த தலைப்பே "செராமிக் ஸ்டீல்?" என்பதுதான்.

அப்படியானால் எல்லோரும் சிர்கோனியா போட்டுக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல். அழகுக்காக அதன் மேல் பீங்கான் பூசினால், அடியில் சிர்கோனியா அப்படியே இருக்க மேல்பூச்சு சில்லு சில்லாகப் பெயரலாம். பல் போலவே ஒளி ஊடுருவும் புது வகைகளில் இட்ரியா அதிகம். கீறலைப் பிடிக்கும் அந்த வித்தை அதில் குறைவு, பலமும் பாதி வரை இறங்கிவிடும். ஆனால் பில்லில் எல்லாமே "சிர்கோனியா"தான்!

மாறாக, யாரும் சீண்டாத மெட்டல் கேப் லேசில் உடையாது. மெல்லிசாகச் செய்யலாம் என்பதால் பல்லையும் குறைவாகத் தேய்த்தால் போதும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவருக்கு, வெளியே தெரியாத கடைவாயில் அதுதான் புத்திசாலித்தனம்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வாங்கிய பிறகும் தரத்தை வாங்கியவரால் சரிபார்க்க முடியாத சரக்கை 'நம்பிக்கைச் சரக்கு' வகையில் சேர்த்தார்கள் டார்பியும் கார்னியும், 1973-ல். கேப் அதற்கு அச்சு அசல் உதாரணம். வாரண்டி இந்தக் குறையைத் தீர்க்காது. உடைந்தால் புது கேப் கிடைக்கும், அடியில் இருக்கும் பல்லும் சேர்ந்து உடைந்தால் புதுப் பல் முளைக்காது.

எனவே பில்லில் மூன்று விஷயங்கள் எழுதப்பட வேண்டும்: பொருளின் சரியான வகை, மேல்பூச்சு உண்டா இல்லையா, தடிமன் எவ்வளவு. நல்ல டாக்டருக்கு இது ஒரு நிமிட வேலை. வாரண்டி கார்டைக் கேட்டு வாங்குபவர்கள் இதையும் கேட்டு வாங்கட்டும்.