பிராயச்சித்தமும் தண்டனையும்

மனுநீதிச் சோழன் கதையைப் பெரியபுராணத்திலிருந்து முதுகலை வகுப்பில் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். மணி, பசு, கன்று, தேர்க்கால் எனப் பள்ளிப் பருவத்திலேயே மனத்தில் பதிந்துவிட்ட கதையாதலால் மாணவர்கள் அதில் புதிதாக எதையும் எதிர்பார்ப்பதில்லை. நானும் சேக்கிழாரின் சொல்லாட்சியைச் சுட்டிவிட்டுக் கடந்துவிடுவதே வழக்கம். இவ்வாண்டு ஒரு மாணவி எழுந்து, ‘இளவரசன் தேரைத் தானேவா ஓட்டியிருப்பான்? பாகன் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? பழி ஏன் ஐயா அவன்மேல் விழவில்லை?’ என்று கேட்டாள். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தவள். பட்டாசு ஆலை வெடித்தால் முதலில் கைதாகிறவர் பெரும்பாலும் ஃபோர்மேன்தான் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று எனக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பாடலை மீண்டும் படித்தபோது, இத்தனை காலம் நான் விரைந்து கடந்துபோன ஓர் இடம் நிறுத்தியது. கன்று இறந்ததும் அமைச்சர்கள் அரசனுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். பசுக்கொலைக்கு நூல்களில் பிராயச்சித்தம் விதிக்கப்பட்டிருக்கிறது, அதைச் செய்துவிடலாம் என்கிறார்கள். அரசன் மறுக்கிறான். அந்தச் சடங்கு பசுவின் துயரைத் தீர்க்குமா என்பது அவன் கேட்கும் முதற்கேள்வி. என் மகன் கொன்றால் பிராயச்சித்தம், அயலான் ஒருவன் கொன்றால் மரணம் என்றால் நீதி என்னாகும் என்பது அடுத்த கேள்வி. குடிகளுக்குத் தன்னாலும் தன் பரிவாரத்தாலும் வரும் அச்சத்தையும் நீக்குபவனே அரசன் என்றும் அங்கேயே சொல்கிறான். மகனைத் தேர்க்காலில் இடும் முடிவு எனக்கு என்றும் உவப்பானதன்று. எந்த நாகரிகச் சமூகமும் அதைப் பின்பற்ற இயலாது. ஆனால் விலை கொடுத்துத் தீர்க்கும் வழி ஒன்று எதிரே இருக்கும்போது அதை ஏன் ஏற்கலாகாது என்பதற்கு அவன் சொல்லும் காரணங்கள், போபால் வழக்கின் ஆவணங்களுக்கு அருகில் வைத்துப் படிக்கத் தக்கவை.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவு, போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 610 என்னும் எண்ணிட்ட தொட்டிக்குள் நீர் புகுந்தது. அதிலிருந்த சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் கொதித்து நச்சுவாயுவாக வெளியேறியது. நீர் எப்படிப் புகுந்தது என்பதில் இன்றும் வாதம் உண்டு. அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளி செய்த நாசவேலை என்பது அமெரிக்கத் தாய்நிறுவனத்தின் கட்சி. தேர்ப்பாகனைத் தேடும் பழக்கம் இங்கேயும் இருப்பதைக் காணலாம். அதை ஏற்றுக்கொண்டாலும் மிச்சம் இருப்பது பெரிது. தொட்டியைக் குளிர்நிலையில் வைக்க வேண்டிய இயந்திரம் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் இணைப்புக் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைச் செயலிழக்கச் செய்யும் கருவி காத்திருப்பு நிலையில் கிடந்தது. 1982-இல் அமெரிக்காவிலிருந்து வந்த தணிக்கைக் குழுவே ஆலையின் குறைகளைப் பட்டியலிட்டிருந்தது. அதே ஆண்டில் போபால் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி, இந்நகரம் அழியப்போகிறது என்று எழுதியிருந்தார். குளிரூட்டியை நிறுத்துவது இரவுப்பணித் தொழிலாளி எடுக்கும் முடிவன்று. செலவுக் கணக்கைப் பார்க்கிறவர் எடுக்கும் முடிவு அது.

இறந்தவர்கள் அரசு இழப்பீட்டுக் கணக்கிலேயே 5,000-க்கு மேல். பாதிக்கப்பட்டோரின் அமைப்புகள் சொல்லும் எண் இதைவிடப் பன்மடங்கு.

இனி, பிராயச்சித்தம். 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு உச்ச நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டது. இழப்பீடு என்ற அளவில் அது போதுமா என்பது வேறு விவாதம். அந்த உடன்பாட்டோடு குற்றவியல் வழக்குகளும் முடித்துவைக்கப்பட்டன என்பதைத்தான் நான் பலமுறை படித்தும் நம்ப முடியாமல் இருந்தேன். தொகையைக் கட்டினால் குற்றமே இல்லை என்று ஆகிவிட்டது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 1991 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே வழக்குகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

உயிர் வந்தது, நீண்ட நாள் தங்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட இந்திய அதிகாரிகள்மீது, கொலையாகாத மரணத்தை விளைவித்த குற்றம், அதாவது பத்தாண்டுவரை சிறை தரக்கூடிய 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி சுமத்தப்பட்டிருந்தது. 1996 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை 304-ஏ பிரிவுக்கு இறக்கியது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், சாலை விபத்துக்குப் போடும் பிரிவு, உச்சம் இரண்டாண்டு. அபாயகரமான பொருளை அந்தத் தொட்டியில் வைத்திருந்ததால் மட்டும், மரணம் நேரும் என்று இவர்கள் அறிந்திருந்ததாகக் கொள்ள முடியாது என்பது நீதிபதிகளின் தருக்கம். ஒரு தனி மனிதனின் நெஞ்சுக்குள் தேடினால் அந்த அறிவு கிடைக்காமல் போகலாம். தணிக்கை அறிக்கை ஒருவர் மேசையில், குளிரூட்டி நிறுத்தும் ஆணை இன்னொருவர் கோப்பில், குழாய் கழற்றிய செய்தி மூன்றாமவர் குறிப்பேட்டில். நிறுவனம் முழுவதும் அறிந்திருந்தது, எவரும் அறிந்திருக்கவில்லை. பெருநிறுவனங்களைப் பொறுத்தவரை குற்றச்சட்டம் தடுமாறும் இடம் இதுவே.

2010 ஜூன் 7-இல் போபால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரோடு இருந்த எழுவருக்கு இரண்டாண்டுச் சிறை, நபருக்கு 1,01,750 ரூபாய் அபராதம். யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்துக்கு 5,01,750 ரூபாய். எழுவரும் அன்றே பிணையில் சென்றனர். அமெரிக்க நிறுவனமும் அதன் தலைவர் வாரன் ஆண்டர்சனும் தலைமறைவானோர் பட்டியலில் இருந்தனர். ஆண்டர்சன் 2014-இல் தம் நாட்டிலேயே காலமானார்.

அந்த 1,750 ரூபாயைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தலுக்கு 250, காயம் விளைவித்தலுக்கு 500, கொடுங்காயத்துக்கு 1,000. இவை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் விதித்திருந்த உச்சவரம்புகள், கூட்டினால் 1,750. மெக்காலே காலத்துப் பணத்தில் அது ஒரு தொகையாக இருந்திருக்கும். ஆனால் மரணத்துக்கான 304-ஏ பிரிவில் அபராதத்துக்கு வரம்பே இல்லை. தொகை குறிப்பிடாத இடத்தில் அபராதம் மிகையாக இருக்கலாகாது என்று மட்டுமே அச்சட்டம் கூறியது. ஆக, அந்த ஐந்து லட்சம் சட்டத்தில் எழுதியிருந்த தொகையன்று. போதும் என்று கருதப்பட்ட தொகை. எதனோடு ஒப்பிட்டால் மிகை, எதனோடு ஒப்பிட்டால் குறை என்று சொல்ல நம் சட்டத்தில் ஓர் அளவுகோல் இல்லை.

இங்கிலாந்து இந்த இடத்தில் வெகுநாள் இடறியது. 1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்தருகே ஒரு பயணிகள் கப்பல், முன்கதவை மூடாமலே புறப்பட்டுக் கவிழ்ந்து 193 பேர் மாண்டனர். கதவை மூட வேண்டிய ஊழியர் உறங்கிவிட்டார். கதவு மூடியிருக்கிறதா என்று மாலுமித் தளத்தில் காட்ட ஒரு விளக்கு வேண்டுமென்று கப்பல் தலைவர்கள் முன்பே கேட்டிருந்ததும், நிர்வாகம் அதை எள்ளி ஒதுக்கியதும் விசாரணையில் வெளிவந்தன. ஆயினும் நிறுவனத்தின் ‘மூளை’ எனத்தக்க ஒரு தனி அதிகாரியிடம் குற்றம் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை என்று 1990-இல் வழக்கு சரிந்தது. அந்த ஓட்டையை அடைக்க 2007-இல் தனிச்சட்டமே இயற்றினார்கள். உயர்மட்ட நிர்வாகம் வேலையை ஒழுங்கமைத்த விதமே பெரும் தவறாக இருந்து உயிர் போயிருந்தால் நிறுவனம் குற்றவாளி என்றது அது. வேடிக்கை என்னவென்றால், அச்சட்டத்தில் முதலில் தண்டிக்கப்பட்டது எட்டுப் பேர் வேலைசெய்த சிறு மண்ணாய்வு நிறுவனம். ஆய்வுக்குழி சரிந்து ஓர் இளைஞர் இறந்த வழக்கு அது. 2011-இல் விதித்த 3,85,000 பவுண்டு, அதன் ஆண்டு விற்றுமுதலையே மிஞ்சியது. பெரிய கப்பலுக்குப் பின்னிய வலையில் முதலில் விழுந்தது அயிரை மீன்.

2016-இல் வந்த தண்டனை நெறிமுறை இதைப் பெருமளவு சீர்செய்தது. உயிரிழப்புக் குற்றத்துக்கான அபராதம் நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதலிலிருந்து கணக்கிடப்படும். மிகச் சிறிய நிறுவனங்களுக்கு 1,80,000 பவுண்டில் தொடங்கி, பெரியவற்றுக்கு 2 கோடி வரை. தான் குற்றவாளி என்பதை நிறுவனமே விளம்பரப்படுத்த வேண்டுமென்று ஆணையிடவும் அச்சட்டத்தில் இடமுண்டு. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. அபராதத்தைக் கணக்கில் எழுதிவிடலாம். பழிச்சொல்லை எந்தத் தலைப்பில் எழுதுவது? குறையும் உண்டு: அச்சட்டத்தின்கீழ் இயக்குநர் எவரையும் தனியே தண்டிக்க முடியாது, அதற்கு வேறு வழக்கு வேண்டும்.

பெரும் அபராதம் கடைசியில் யார் தலையில் விழும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பங்குதாரர் தலையில், சில வேளை தொழிலாளியின் சம்பளத்தில். நியாயமான கேள்விதான். அதனாலேயே இரண்டும் வேண்டும் என்கிறேன்: நிறுவனத்துக்கு வலிக்கும் அளவில் அபராதம், முடிவெடுத்த மனிதருக்குத் தனிப்பொறுப்பு. நிறுவனத்தை மட்டும் தண்டித்தால், அது பெயர் மாற்றிக்கொள்ளக் கூடியது. யூனியன் கார்பைடு இந்தியா 1994-இல் கைமாறி வேறு பெயர் பெற்றது. 2010-இல் தண்டனை பெற்றது பழைய பெயர். அதிகாரியை மட்டும் தண்டித்தால், மேலே இருப்பவர் கீழே ஒருவரைக் காட்டுவார். கீழே இருப்பவர் சாத்தூர் ஃபோர்மேன்.

நம் சட்டத்தில் மாற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவு மரணத்துக்கான உச்சம் ஐந்தாண்டாக உயர்ந்தது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுகளுக்குத் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. நல்லது. ஆனால் கடமை தவறியதால் தொழிலாளி இறந்தால் என்ன தண்டனை என்று அதில் தேடிப் பாருங்கள்: இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். விற்றுமுதல் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. நாற்பது பேர் வேலை செய்யும் ஆலைக்கும் நாற்பதாயிரம் கோடி விற்கும் ஆலைக்கும் தொடக்கத்தொகை ஒன்றே. அடுத்த வாரம் அந்த மாணவியின் வகுப்பில் இந்தப் பிரிவையும் சேக்கிழாரின் பாடலையும் ஒன்றாக அச்செடுத்துக் கொடுப்பதாக இருக்கிறேன்.