கேமராப் பை கையோடு இருக்கட்டும்

எழுபது வயதைத் தாண்டிய பிறகும் கேமராவோடு விமானம் ஏறுகிறவர்கள் நம் புதுச்சேரியில் குறைவில்லை. பிள்ளைகள் பாரிசிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் குடும்பமாக இருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம், பேத்திக்குக் கல்யாணம் என்று ஆண்டுக்கு ஒரு காரணம் வந்துவிடுகிறது. கைப்பேசியிலேயே எடுக்கலாமே என்று இளையவர்கள் சொல்வார்கள். எடுக்கலாம்தான். ஆனாலும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் கேமராவில் வைத்துப் பழகியவர்களுக்கு அதில் மனம் நிறைவதில்லை.

இப்படிப் புறப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: கேமராவுக்கு எந்தப் பை வாங்கலாம்? பெரும்பாலும் பிள்ளைகளே முந்திக்கொண்டு, சக்கரமும் இழுக்கும் கம்பியும் வைத்த விலை உயர்ந்த பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. சக்கரப் பெட்டி வேண்டாம். துணியால் செய்த, முன் இருக்கைக்கு அடியில் நுழைகிற சிறிய முதுகுப் பை போதும். அதற்குள் அடங்காத லென்ஸ் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எடை. நம் நாட்டுக்குள் பறக்கும்போது சாதாரண வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோ என்பதே பொதுவான கணக்கு. ஏர் பிரான்சு போன்ற நிறுவனத்தில் கைப்பையும் ஒரு சிறு பையும் சேர்த்து 12 கிலோ தருகிறார்கள். 12 கிலோ இருக்கிறதே என்று நிறைத்துவிடக் கூடாது. பெங்களூரு வரைக்கும் தனிச் சீட்டில் உள்நாட்டு விமானம் ஏறினால் அங்கே 7 கிலோதான் செல்லும். பயணத்தில் எந்தப் பகுதியின் விதி கடுமையோ, அதற்கு ஏற்றபடிதான் கட்ட வேண்டும்.

இப்போது கணக்குப் போடுவோம். நிக்கான் டி7500 கேமரா, பேட்டரியோடு 720 கிராம். 18-140 லென்ஸ் 490 கிராம். 70-300 லென்சில் இந்தக் கேமராவுக்கு உரிய இலேசான வகை 415 கிராம். 50 மி.மீ. லென்ஸ் 185 கிராம். ஆக 1,810 கிராம். சார்ஜர், இரண்டு உபரி பேட்டரி, துடைக்கும் துணி எல்லாம் சேர்ந்தாலும் இரண்டே கால் கிலோவைத் தாண்டாது. பை வெறுமையாக ஒரு கிலோ என்றால் மொத்தம் மூன்றே கால். மருந்து, கண்ணாடி, காகிதங்கள், ஒரு மாற்றுச் சட்டை, ஸ்வெட்டர் வைக்க இன்னும் மூன்றே முக்கால் கிலோ மிச்சம். அதையே மூன்று கிலோ எடையுள்ள சக்கரப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். பாதி எடையைப் பெட்டியே தின்றுவிடும். அதனால் பை வாங்குவதற்கு முன்னால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கைத் தராசு ஒன்றை வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். விமானம் நிறைந்திருந்தால், ஏறும் வாசலிலேயே சக்கரப் பெட்டிகளை வாங்கிச் சீட்டு ஒட்டிக் கீழே சரக்கோடு அனுப்பிவிடுகிறார்கள். ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்களில் தலைக்கு மேலே உள்ள அறை சின்னது. பெரிய விமானத்தில் தாராளமாக நுழையும் பெட்டி அதில் நுழையாது. வரிசையில் பின்னால் முப்பது பேர் நிற்க, ஊழியர் கையை நீட்டும்போது, பெட்டியைத் திறந்து எதை எடுப்பது, எதை விடுவது? நம் வயதில் அந்த அவசரம் ஆகாது. மருந்துச் சீட்டும் கேமராவும் ஒன்றாகக் கீழே போய்விடும்.

அதோடு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. உபரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது, பயணியோடு மேலேதான் வர வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள விமான விதி. கீழே தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை என்பதுதான் காரணம். 100 வாட்-மணி வரை உள்ள பேட்டரிக்குத் தனி அனுமதி தேவையில்லை. மேலே சொன்ன கேமராவின் பேட்டரி ஏறத்தாழ 14 வாட்-மணிதான், அதனால் அளவில் கவலை இல்லை. ஆனால் அதன் உலோக முனைகள் சாவி, சில்லறை எதிலும் உரசக் கூடாது. பிளாஸ்டிக் மூடி போட்டோ, தனித் தனி உறையில் இட்டோ வையுங்கள். எல்லா பேட்டரியும் ஒரே சிறு பையில் இருந்தால் எந்த நேரத்திலும் ஒரே கையில் எடுத்துவிடலாம்.

இருக்கைக்கு அடியில் வைக்கும் பைக்கு ஏர் பிரான்சு சொல்லும் அளவு 40 x 30 x 15 செ.மீ. அந்த அளவில் மெத்தைத் தடுப்பு வைத்த கேமராப் பைகள் கடைகளில் கிடைக்கின்றன. வீட்டில் இருக்கும் பழைய பள்ளிக்கூடப் பைக்குள் மெத்தைத் தடுப்பை மட்டும் தனியாக வாங்கி வைத்தாலும் சரிதான். இது இன்னும் நல்லது என்பேன். கேமரா நிறுவனத்தின் பெயர் பெரிதாகப் பொறித்த பை, உள்ளே என்ன இருக்கிறது என்று திருடனுக்கு நாமே எழுதிக் கொடுத்த விலாசம். ஒன்றைக் கவனியுங்கள். கால் நீட்ட வசதி என்று முதல் வரிசையையோ அவசர வழி வரிசையையோ கேட்டு வாங்கினால், அங்கே பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். மேலேதான் ஏற்ற வேண்டும். கேமராவோடு போகிறவர்கள் சாதாரண வரிசையையே கேளுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் நம் விமான நிலையங்களில் பெரும்பாலும் கேமராவைத் தனித் தட்டில் வைக்கச் சொல்கிறார்கள். அதனால் பை முழுவதும் அகலத் திறக்க வேண்டும். மேல் வாயை மட்டும் திறந்து கிணற்றில் கைவிடுவதுபோல் துழாவும் பை உதவாது. கேமராவையும் பெரிய லென்சையும் பிரித்தே வையுங்கள். மாட்டியபடி வைத்தால் இடிபடும்போது இணைப்பு வளையத்தில்தான் அடி விழும். இன்னும் பிலிம் போடுகிற ஓரிரு நண்பர்களுக்கு ஒரு சொல்: கழுவாத பிலிமைச் சரக்குப் பெட்டியில் வைக்காதீர்கள், அங்குள்ள கதிர் பலமானது. கைப்பைக்கு வைத்திருக்கும் புதிய வகை ஸ்கேனர்களும் பிலிமைக் கெடுக்கும். கையால் பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். டிஜிட்டல் கார்டுக்கு இந்தப் பயம் இல்லை.

சக்கரப் பெட்டிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாரிசின் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் நடக்க வேண்டிய தூரம் கொஞ்சமல்ல. தோள் வலி, முழங்கால் அறுவை உள்ளவர்கள் முதுகில் சுமக்க முடியாது. அவர்களுக்கு என் யோசனை, டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவியைக் கேட்டுப் பதிவு செய்வதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறிய துணிப் பை மடியில் உட்காரும். பெட்டி உட்காராது.

கீழே அனுப்பி உடைந்தால் விமானக் கம்பெனி தராதா என்று கேட்பவர்களும் உண்டு. சர்வதேசப் பயணத்துக்கு 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு எல்லாப் பெட்டிகளும் சேர்த்து உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். அது உச்சவரம்புதான், எல்லோருக்கும் கிடைக்கும் தொகை அல்ல. சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உடையும் பொருளையும் விலை உயர்ந்த பொருளையும் சரக்கில் போடாதீர்கள் என்று பல கம்பெனிகள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. கோப்புகளோடு வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: விண்ணப்பம் எழுதி வெல்வதைவிட, விண்ணப்பமே எழுதாமல் இருப்பது மேல். ஆனாலும் ரசீதின் நகலும், கேமரா லென்சின் வரிசை எண்களும் ஒரு தாளில் எழுதி உங்களிடம் ஒன்று, வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

இனி வீட்டில் வரப்போகும் சண்டை. மகளுக்கு வடகம், மருமகனுக்கு ஊறுகாய் என்று கடைசி நேரத்தில் உங்கள் பைதான் கண்ணில் படும். மறுத்துவிடுங்கள். சர்வதேசப் பயணத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட ஊறுகாய்ப் பாட்டில் சோதனையைத் தாண்டாது. தாண்டினாலும் எண்ணெய் கசிந்தால் லென்ஸ் போயிற்று. அவை பெரிய பெட்டிக்கு. மூன்றுகால் ஸ்டாண்டும் அதிலேயே துணியில் சுற்றிப் போகட்டும்.

பள்ளியில் நாங்கள் படித்த பிரெஞ்சில் கைப்பைக்கு 'பகாஜ் ஆ மேன்' என்று பெயர். கையில் இருக்கும் சுமை என்று பொருள். அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும். பயணம் முழுவதும் நம் கையைவிட்டுப் போகாத பைதான் கைப்பை. பாதி வழியில் இன்னொருவர் கைக்குப் போகக்கூடியது எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கைப்பை அல்ல.

திரும்பி வரும்போது ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கேமராவிலிருந்து கார்டை எடுத்துச் சட்டைப் பையிலோ பர்சிலோ வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மகனின் கணினியில் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். கேமரா போனால் இன்னொன்று வாங்கலாம், அல்லது வாங்காமலும் இருக்கலாம். பேரன் உங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்த படத்தை மறுபடி எடுக்க முடியாது. அடுத்த முறை போவோமா என்று நம் வயதில் யாரும் உறுதி சொல்வதற்கில்லை.