பேதையும் மேதையும்

மைசூர் பல்கலைக்கழகத்தில் தன் கணக்குத் திறமையைச் செய்துகாட்டியபோது சகுந்தலா தேவிக்கு வயது ஆறு. அப்பா சர்க்கஸ் கலைஞர். மகள் எண்களோடு விளையாடுவதைக் கண்டுகொண்ட அவர், ஊர் ஊராக அழைத்துப்போய் மேடையேற்றினார். முறையான பள்ளிப் படிப்பு அந்தச் சிறுமிக்கு வாய்க்கவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர் 'பிராடிஜி'. தமிழில் எழுதும்போது அது பெரும்பாலும் 'மேதை' ஆகிவிடுகிறது. 5 முதல் 7 வயது வரையிலான பெண்ணைத் தமிழ் மரபு 'பேதை' என்கிறது. பேதைப் பருவத்திலேயே மேதை! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொருள்தான் இடிக்கிறது.

பிராடிஜியின் வேர் லத்தீன். பழைய ரோமில் அதன் மூலச்சொல்லுக்கு உற்பாதம் என்று பொருள். ரத்த மழை, விபரீதப் பிறப்பு போன்றவை தெய்வக் கோபத்தின் அறிகுறிகள்; உடனே பரிகாரம் செய்வார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபின் அச்சம் குறைந்து வியப்பு மிஞ்சியது. அபூர்வத் திறமை கொண்ட பிள்ளை என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது.

ஆக, பிராடிஜி என்பது பார்ப்பவர் வாய் பிளப்பதைச் சொல்லும் சொல். மேதை அப்படியல்ல. வடமொழி 'மேதா'விலிருந்து வந்த அது அறிவின் ஆற்றலைக் குறிப்பது. ஆங்கிலத்தின் 'ஜீனியஸ்' என்பதற்குப் பக்கத்தில் நிற்பது.

வித்தியாசம் தெரிய இரண்டு பேரைப் பார்த்தால் போதும். 1980இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடிகளில் மனதுக்குள்ளேயே பெருக்கி விடை சொன்னார் சகுந்தலா தேவி. அது கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. விடை ஏற்கனவே இருந்தது; அதை அடைந்த வேகம்தான் அதிசயம். ராமானுஜன் கண்டவையோ பலவும் அதுவரை யாரும் காணாதவை. 1920இல் அவர் மறைந்தபின், நோட்டுப் புத்தகங்களில் விட்டுச்சென்றவற்றை நிரூபிக்க அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இருவரையும் 'கணித மேதை' என்று ஒரே முத்திரை குத்தினால் இருவரையுமே புரிந்துகொள்ள முடியாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் ஜென்சன் 1988இல் சகுந்தலா தேவியைச் சோதித்து, 1990இல் கட்டுரை வெளியிட்டார். தலைப்பில் அவரைக் 'கணக்கிடும் பிராடிஜி' என்றே குறிப்பிட்டார். அப்போது அந்த 'பிள்ளை'க்கு அறுபது வயது. விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய சோதனைகளில் அவரது வேகம் மற்றவர்களைப் போலத்தான் இருந்தது. எண்கள் வந்தால் மட்டுமே மின்னல். சிறு வயதிலிருந்து எண்களோடே பழகிய பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு என்று அவர் கருதினார்.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொற்கள் இல்லாமல் இல்லை. பிள்ளையென்றால் 'அற்புதக் குழந்தை'. வளர்ந்தவரென்றால் பேச்சு வழக்கின் 'கணக்கில் புலி' கச்சிதம். எந்தத் துறையில் புலி என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. மேதைப் பட்டத்துக்கு அவசரமில்லை. மேடையேறும் ஆறு வயதுப் பிள்ளையிடம் அதை நீட்டினால், வாழ்நாள் முழுக்க அதைக் காப்பாற்றும் வேலையும் அதன் தலையில் விழும். பழைய ரோமர்களாவது பரிகாரம் செய்தார்கள். இன்று கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.